சொர்ணவாரிப் போகமும் பழைய உழவு இயந்திரங்களும்

செங்கற்பட்டு நாட்டு உழவர் நெற்பயிரின் காலத்தைச் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று போகமாகப் பகுத்து வழங்குவர். ஆவணியில் தொடங்குவது சம்பா. மார்கழி, தையில் தொடங்குவது நவரை. சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணியில் அறுவடையாவது சொர்ணவாரி. மேனாட்டார் வசந்தகாலப் பயிர் என்று கூறுவதற்கு நம்மிடத்து ஒப்பாவது இச்சொர்ணவாரியே எனலாம். ஆயினும், அந்நாட்டு வசந்தம் உறைந்த மண் இளகும் காலம். நம் இளவேனிலோ ஏரி வற்றி மண் இறுகும் காலம். அங்கே உழவன் வெயிலை எதிர்பார்த்து நிற்கிறான். இங்கே அவன் வெயிலோடு போட்டியிட்டு ஓடுகிறான். உழவுக்கருவிகளின் வரலாற்றை நாம் ஆராயப் புகும்பொழுது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

ஏரியில் எஞ்சிய நீரையும் கிணற்று நீரையும் நம்பியே இப்போகம் நடைபெறுகின்றது. நவரை அறுத்த கழனியிலேயே சொர்ணவாரி நடுவதாயின், அறுவடைக்கும் நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் மிகச் சில. நடவு பிந்தினால் நீர் குறையும். அறுவடை பிந்தினால் அடுத்துவரும் சம்பாவின் பருவம் கெடும். இதனாலேயே ஏறக்குறைய 110 நாளில் விளையும் ஆடுதுறை 36 போன்ற குறுகியகால நெல்வகைகள் இப்போகத்துக்கு ஏற்றனவாயின. ஆகவே, இங்கு ஓர் ஏரையோ இயந்திரத்தையோ மதிப்பிடும் அளவுகோல், அஃது எத்துணை ஆழம் உழுகின்றது என்பதன்று. எத்தனை நாளை மிச்சப்படுத்துகின்றது என்பதேயாம்.

இவ்வுண்மை நம் அண்டையிலுள்ள சைதாப்பேட்டையில் பெரும் பொருட்செலவில் கற்கப்பட்டது. சென்னை ஆளுநராயிருந்த சர் வில்லியம் டெனிஸன் முயற்சியால் 1865-ஆம் ஆண்டில் அங்கு ஒரு மாதிரிப் பண்ணை நிறுவப்பெற்றது. நீராவிக் கலப்பை முதலாய கருவிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. நீராவிக் கலப்பை என்பது தானே வயலுள் இறங்கி உழுவதன்று. வரப்போரத்தில் நிறுத்திய எஞ்சின், நீண்ட இரும்புவடத்தால் கலப்பையை வயலின் குறுக்கே இழுக்கும். நெடுந்தொலைவு வரப்பின்றிக் கிடக்கும் ஆங்கில வயல்களுக்கு அது பொருந்தும். பாய் விரித்தாற்போன்ற சிறு சிறு பாத்திகளாக, ஒவ்வொன்றும் நீர் தேக்கும் வரப்போடு விளங்கும் நம் கழனிகளில் அதற்கு இடமேது? இரும்பினாற் செய்த மேனாட்டுக் கலப்பைகளுக்கும் அதே கதிதான். அவை மண்ணைப் புரட்டிப்போடும் வன்மை உடையன. ஆனால் அவற்றை இழுக்க நம் சிறு மாடுகளுக்கு வலிமை போதவில்லை.

நாட்டுக் கலப்பையோ மண்ணைப் புரட்டுவதில்லை. அதன் கொழு மண்ணைக் கீறிச் செல்லும். சாலுக்கும் சாலுக்கும் இடையே உழாத மண் எஞ்சும். அதனாலேயே நேரும் குறுக்குமாகப் பலமுறை உழவேண்டியதாயிற்று. வந்த வல்லுநர் பலர் இதனை அறியாமையின் அடையாளமெனக் கொண்டனர். 1889 முதல் 1891 வரை இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்த டாக்டர் வோல்க்கர் என்னும் வேளாண் இரசாயனர் அவ்வாறு கருதவில்லை. 1893-இல் வெளிவந்த அவர்தம் அறிக்கை, இந்திய உழவன் ஆங்கில உழவனுக்குச் சராசரியில் தாழ்ந்தவனல்லன் என்று துணிந்து கூறிற்று. தச்சன் கொட்டிலில் செய்து, உழவன் தோளில் சுமந்து, ஒரு வயலினின்று மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லத் தக்க கருவி அது. அதன் குறை ஒன்றே: ஓர் ஏர் ஒரு நாளில் ஏறக்குறைய அரை ஏக்கரே உழும். சம்பாவுக்கு அது போதும், சொர்ணவாரிக்குப் போதாது.

இக்குறையைத் தீர்த்தது டிராக்டர். அதிலும், நம் பக்கத்து வயல்களில் நாம் இன்றும் காணும் பழைய சிறு டிராக்டரின் அமைப்புச் சிறிது விளக்கத் தக்கது. ஹாரி பெர்கூசன் என்னும் அயர்லாந்துக்காரர் கலப்பையை வண்டிபோலப் பின்னே கட்டி இழுப்பதை விடுத்து, மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு ஓருடலாகப் பிணைத்தார். கலப்பை மிக ஆழ்ந்து இழுவை மிகுந்தால், மேலிணைப்பில் ஏற்படும் அழுத்தம் எண்ணெய்விசையை இயக்கிக் கலப்பையைத் தானே சிறிது தூக்கும். எனவே எடை குறைந்த டிராக்டரும் நன்கு உழ முடிந்தது. 1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்கூசன் 35-இன் வழிவந்ததே நம் நாட்டு மாஸி பெர்கூசன் 1035. அதனைச் செய்யும் 'டாபே' நிறுவனம் 1960-இல் சென்னையில் தோன்றியது.

புதிய பெரிய டிராக்டர்கள் கிடைக்கவும் கழனியில் இப்பழையவற்றை உழவர் விரும்புவதேன்? சிக்கனம் ஒரு காரணம். ஊர்ப்பட்டறையிலேயே பிரித்துப் பூட்டத்தக்க எளிய எஞ்சின் என்பது மற்றொரு காரணம். நம் கருத்தில் தலையாய காரணம் எடையே. சேடை ஓட்டுதல் என்பது நீர் கட்டிய நிலத்தை உழுது குழைத்துச் சேறாக்குதல். அதனால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு நீர் கீழிறங்குவது குறைகின்றது. பல ஆண்டு உழவால் சேற்றின்கீழ் ஒரு கெட்டித்தளமும் அமைந்திருக்கும். கனத்த இயந்திரம் அத்தளத்தை உடைத்துவிட்டால் கட்டிய நீர் ஒழுகிப்போம். சித்திரை வெயிலில் அந்நட்டத்தை ஈடுசெய்ய நீர் ஏது? சிறு டிராக்டரில் 'கேஜ் வீல்' என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டினால், அதன் பட்டைகள் சேற்றைப் பற்றி முன்னேறுவதோடு, நவரைத் தாளையும் களையையும் மிதித்து அமுக்கிவிடும். பின்னர்ப் பரம்படித்துச் சமன்செய்தால் நடவுக்கு நிலம் ஆயத்தம். மாட்டேர்க்குப் பல நாள் வேலையாவது இதற்கு ஒரு பகல் வேலை.

இதில் ஓர் அபாயமும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுழலாது நின்றபொழுது ஓட்டுநர் விசையை மிகுத்தால், சக்கரத்துக்கு மாறாக வண்டியின் உடலே அச்சைச் சுற்றி எழும். முன்புறம் வானோக்கி நிமிர்ந்து பின்னே கவிழும். கண்ணிமைப்பொழுதில் நிகழ்வது இது. பெர்கூசனின் இணைப்பு இதனைத் தடுக்க வல்லதன்று. பழைய வண்டிகளிற் பலவற்றில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இல்லை. சக்கரத்தில் கட்டையைப் பிணைத்து வெளியேற முயல்வது எல்லாவற்றினும் கொடியது. மண்வெட்டியால் முன்னும் பின்னும் சேற்றை அகற்றுவதும், மற்றொரு வண்டிகொண்டு இழுப்பதுமே தக்க வழி. காலத்தோடு ஓடும் போகமாதலின் அரைமணி நேரம் பொறுக்க மனம் வருவதில்லை.

நம் கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்த நாளில், இப்பக்கத்து ஏரிகள் கழனிகளுக்கே நீர் வார்த்தன. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகியவற்றின் ஏரிகளைச் சுற்றி இன்று வீடுகளே மிகுதி. உழவைக் காண விரும்பும் மாணவர் மணிமங்கலம், படப்பைப் பக்கம் செல்லவேண்டும். பல்லவரும் சாளுக்கியரும் பொருத களமென்று வரலாற்று மாணவர் அறிந்த மணிமங்கலமே அது. அங்கும் கழனிகளுக்கிடையே தார்ச்சாலைகளும் மனைப்பிரிவுகளும் புகுந்துவிட்டன. கூண்டுச் சக்கரம் தார்ச்சாலையைக் கிழித்துவிடுமாதலின் அதனைப் பூட்டியபடி சாலையில் ஓட்டுதல் கூடாது. உழவர் அதனைக் கழற்றி, இழுவைப்பெட்டியில் ஏற்றி, அடுத்த கழனியின் வரப்போரத்தில் இறக்கி மீண்டும் பூட்டுகின்றனர். இயந்திரம் மிச்சப்படுத்திய பொழுதில் ஒரு பங்கு அச்சாலையோரத்திலேயே கழிகின்றது.