காய்ந்த தட்டைக்குத் துணை ஒரு கை பிண்ணாக்கு

சிங்கப்பூரின் தேக்காவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்தால் வளர்ந்த இடம். எள் ஆட்டும் செக்குகளும் கோதுமை அரைக்கும் கொட்டகைகளும் அந்த வட்டாரத்திலேயே இருந்தன. செக்கு இருந்தால் பிண்ணாக்கு, அரைவை இருந்தால் தவிடு; இரண்டும் மாட்டுக்குத் தீனி.

அந்தப் பிண்ணாக்கின் அருமை கோடையில் ஆடு வளர்ப்பவருக்குத் தெரியும். காய்ந்த சோளத்தட்டையில் புரதம் 100-க்கு 3, 4 பங்குதான். 7 பங்குக்குக் கீழே போனால், இரைப்பையில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். தீனி உள்ளேயே தங்கும். ஆடு மேற்கொண்டு தின்னாது. வயிறு உப்பியிருக்கும், முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டும்.

கடலைப் பிண்ணாக்கில் புரதம் சுமார் 40 பங்கு. ஓர் ஆட்டுக்குத் தினமும் 100 கிராம் கொடுத்தாலே அதே தட்டையைக் கூடுதலாகத் தின்று செரிக்கும். தேக்கா சந்தையில் நாம் வாங்கும் அகத்திக்கீரையும் ஆட்டுக்கு நல்ல புரதத் தீனிதான். புரதத்துக்காகத் தீனியில் யூரியாவை மட்டும் கைக்கணக்கில் கலக்கவே கூடாது. அளவு மீறினால் உயிர் போய்விடும்.

ஊரில் ஆடு வைத்திருக்கும் குடும்பத்தை விட்டுவந்து இங்கே உழைக்கும் தம்பிகளே, இன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது இதைச் சொல்லுங்கள். தீனியின் அளவை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.