நெடுங்காட்டில் படுத்த கார்! குற்றவாளி யார்?

நெடுங்காடு – நமது நிருபர்

அவசரமாகப் போகும்போதுதான் கார் நிற்கும். அதுவும் கொட்டுகிற மழையில்தான் நிற்கும்.

சென்ற ஐப்பசியில் நமக்கே அது நடந்தது. காரைக்காலில் வேலையை முடித்துவிட்டு, வாடகைக் காரில் மயிலாடுதுறைக்குத் திரும்பினோம். புதுச்சேரி பிரதேசத்தில் வரி குறைவு; பெட்ரோல் விலையும் குறைவு. டாங்கியை நிரப்பாமல் எல்லை தாண்டும் வண்டிக்காரர் உண்டா? நம் டிரைவரும் நிரப்பினார்.

சில மைல்தான். கார் 'குக்... குக்' என்று இருமியது. குலுங்கியது. நெடுங்காடு கடைத்தெருவில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

6 ஆயிரம் ரூபாய்!

ஒரு மெக்கானிக் வந்தார். "பெட்ரோல் பம்பு போயிடுச்சு சார். 6 ஆயிரம் ஆகும்" என்றார். டிரைவரின் முகம் செத்துவிட்டது. அன்றைய வாடகையே அவ்வளவு தேறாது.

அப்போது சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கினார். அம்பாசிடர் காலத்து மெக்கானிக்.

"சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுதா, இல்லே இருமி இருமி நின்னுதா?"

"இருமித்தான்."

"எப்ப பெட்ரோல் போட்டே?"

"இப்பத்தான் அண்ணே."

அவர் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தார். (நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள். இந்தக் காலத்துக் குழாயில் அழுத்தம் அதிகம், பீய்ச்சி அடிக்கும்.) சிறிது நேரத்தில் பாட்டிலில் கோடு கிழித்தாற்போல் இரண்டு அடுக்கு! மேலே பெட்ரோல். அடியில் தண்ணீர் சேர்ந்த எத்தனால்.

துப்பு துலங்கியது

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கியது. 2025-ல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கண்ணுக்கே தெரியாமல் கலந்து எரிந்துவிடும். அளவு மீறினால் இரண்டும் கைகோத்து அடியில் இறங்கிவிடும். காரின் பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

மழையில் பங்கின் நிலத்தடி டாங்கிக்குள் தண்ணீர் கசிந்தால் யாரும் தப்ப முடியாது. 2025 ஜூனில் மத்தியப் பிரதேசம் ரத்லாமில், முதல்-மந்திரி மோகன் யாதவின் அணிவகுப்புக்கு வந்த 19 வண்டிகள் டீசல் போட்டதும் வரிசையாக நின்றன. டீசலில் தண்ணீர்! பங்குக்கு சீல் வைத்தார்கள். இந்தூரிலிருந்து வேறு வண்டிகள் வந்தன. நம் டிரைவருக்கு யார் அனுப்புவார்கள்?

ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, "அடி மட்டம் ஏறுது, கலப்படம்" என்று சிலர் கூச்சல் போடுகிறார்கள். எத்தனால் இருந்தால் ஏறத்தான் செய்யும். தண்ணீர் ஊற்றாமலே பிரிகிறதா என்று பாருங்கள்.

வேறு ஆசாமிகள்

எல்லாப் பழியையும் பங்கின் மீது போட முடியாது. பட்டென்று நின்றால் மின்சாரக் கோளாறாக இருக்கலாம். சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்பினால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் அணைந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடுகிறதா? திராட்டிலில் அழுக்கு, அல்லது ரப்பர் குழாயில் காற்றுக் கசிவு.

எஞ்சின் விளக்கு கண் சிமிட்டினால் மேற்கொண்டு ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள விலை உயர்ந்த கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.

ஸ்கேனர் போட்டால் பி-0301 என்று வரலாம். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். அது சாட்சி, தீர்ப்பு அல்ல. அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறி 0302 என்று இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். இதைப் பார்க்காமலே பம்பை மாற்றச் சொல்பவரிடம், பழைய பம்பில் என்ன கோளாறு என்று காட்டச் சொல்லுங்கள்.

பெரியவர் டாங்கியை இறக்கிச் சுத்தம் செய்தார். கூலி 700 ரூபாய். இரவு 9 மணிக்கு கார் புறப்பட்டது.

மறுநாள் டிரைவர் பாட்டிலோடு பங்குக்குப் போனார். "பில் எங்கே?" என்று கேட்டார்கள்.

அவர் பில் வாங்கியிருக்கவில்லை.