வைத்த குச்சி நம்முடையது அல்ல

சென்ற தீபாவளிக்கு முதல் நாள் இரவு, கிள்ளானில் பெரியம்மா வீட்டில் பாய் விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தோம். அடுப்படியில் முறுக்கு வேகும் வாசனை. பெரியம்மாவின் கட்டளை ஒன்றுதான்: காசு வைக்கக்கூடாது, தீக்குச்சி மட்டும்.

ஆடியது போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்துத் தருவார்கள். பிறகு நடுவில் ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். அவை திறப்பதற்கு முன்பே முதல் பந்தயம் தொடங்கிவிடும். ஆட்ட விதிப்படி இருவர் 1, 2 குச்சிகள் வைத்திருந்தார்கள். என் கையில் ஓர் ஆஸ், ஒரு ஜாக்கி. பந்தயத்தை 6 குச்சியாக உயர்த்தினேன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அதை 18 ஆக உயர்த்தினார். மற்ற எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள்.

‘ஏற்கெனவே ஆறு வைத்துவிட்டோமே, இப்போது எப்படி விடுவது?’ என்று மேலும் 12 வைத்தேன். அண்ணனிடம் ராஜா ஜோடி. கடைசியில் என் குச்சிகள் எல்லாம் அவர் பக்கம் போயின.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் என்னை வாசலுக்கு அழைத்தார். “தம்பி, ஒரு முந்நூறு வெள்ளி இருக்குமா?” கைப்பேசியில் காசு கட்டிப் போக்கர் ஆடியதில் இரண்டு மாதச் சம்பளம் போயிருந்தது. “இவ்வளவு போட்டாச்சு லா. இன்னும் முந்நூறு இருந்தா எல்லாத்தையும் எடுத்துடுவேன்.”

என்னிடம் இருந்தது பிடிபிடிஎன் கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணம். “யோசிச்சுச் சொல்றேன் அண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

பண்டிகை முடிந்து கேடிஎம் ரயிலில் கோலாலம்பூர் திரும்பும்போது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஆட்டத்தைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். நான் புள்ளியியல் மாணவன். ஆனால் இதற்கு எஸ்பிஎம் கூடுதல் கணிதமே போதும்.

முதலில் விலை. அண்ணன் உயர்த்தியபோது நடுவில் 1+2+6+18, ஆக 27 குச்சிகள். நான் வைக்க வேண்டியது 12. வைத்தால் மொத்தம் 39. பன்னிரண்டை முப்பத்தொன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 31 விழுக்காடு. அதாவது, நூறு தடவையில் 31 தடவையாவது வெல்ல முடிந்தால்தான் அந்த 12 குச்சிகளை வைப்பதில் பயன் உண்டு.

அடுத்து, எதிராளியின் கை. 52 சீட்டுகளில் இரண்டை 1,326 வகையாக எடுக்கலாம். அண்ணன் நிதானமாக ஆடுபவர். ஆஸ், ராஜா, ராணி ஜோடிகளோ, ஆஸும் ராஜாவும் சேர்ந்தோ வந்தால்தான் மறுபடி உயர்த்துவார். ஒவ்வொரு ஜோடியும் 6 வகையில் வரும். ஆஸ்-ராஜா 16 வகையில் வரும். ஓர் ஆஸ் என் கையில் இருப்பதால் ஆஸ் ஜோடி 3 வகையாகவும், ஆஸ்-ராஜா 12 வகையாகவும் குறைகின்றன. மீதம் 27 வகை. அவற்றுக்கு எதிராக என் ஆஸ்-ஜாக்கி வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான். தேவை 31, கையில் இருப்பது 25. சீட்டைப் போட்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால், யார் உயர்த்தினாலும் பணிந்துவிடுவதா? அதுவும் தப்பு. அண்ணன் 9 குச்சிகளை வெல்ல 18 வைக்கிறார். மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் நாம் பணிந்தால், கையில் ஒன்றும் இல்லாமலே மிரட்டி லாபம் பார்ப்பார். அடிக்கடி மிரட்டுபவர் என்றால் அதே ஆஸ்-ஜாக்கியோடு தொடரலாம். நமக்கே ராஜா ஜோடி வந்தால் திரும்ப உயர்த்தலாம். வீரமோ பயமோ இதைத் தீர்மானிக்கக்கூடாது. விலையும் எதிராளியும்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ‘நான் வைத்த 6’ என்று தனியாக எதுவும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது நடுவில் கிடக்கும் 27இல் கலந்துவிட்டது. வெல்பவருக்குக் கிடைக்கும் பரிசு அது, என் சொத்து அல்ல. பொருளியல் மாணவர்கள் இதை மீளாச் செலவு என்பார்கள்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்ற கணினி நிரல், 20 நாள்களில் 120,000 ஆட்டங்கள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதனிடம் இருந்து நாம் கற்க ஒன்று உண்டு. முந்தைய ஆட்டத்தில் தோற்றதை மீட்கும் ஆத்திரம் அதற்கு இல்லை.

மறுவாரம் பிரிக்பீல்ட்ஸில் அண்ணனைச் சந்தித்து நோட்டைக் காட்டினேன். “பார்த்தியா, இது திறமை விளையாட்டுன்னு நீயே சொல்ற” என்றார். “சென்னை ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு.”

உண்மைதான். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறன் சார்ந்தவை என்று கூறி அந்தப் பட்டியலை நீக்கியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. காசு கட்டும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்ட விதியை அதே நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அந்த ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் நாட்டில் 1953ஆம் ஆண்டு முதலே சூதாட்ட இல்லங்களுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற கெந்திங் கேசினோவிலும் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை.

திறமை இருந்தாலும் சம்பளப் பணம் பத்திரமாகிவிடாது. மேசை நடத்துபவர் ஒவ்வொரு பந்தயத்திலும் தம் பங்கை எடுத்துக்கொள்வார். சமமான திறமை உள்ளவர்கள் நாள்கணக்கில் ஆடினால் எல்லோருக்கும் நட்டம்தான்.

“அண்ணே, போன ரெண்டு மாசச் சம்பளம் நடுவுல கிடக்குற குச்சி. அதை விடுங்க. இந்த முந்நூறுக்கு மட்டும் கணக்குச் சொல்லுங்க. வெல்ல எவ்வளவு வாய்ப்பு?”

அவர் பதில் சொல்லவில்லை. நான் பணமும் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் அவரே அழைத்து, செயலியை அழித்துவிட்டதாகச் சொன்னார். பேங்க் நெகாரா நிறுவிய ஏகேபிகே, கடனில் சிக்கியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே போக நானும் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அடுத்த தீபாவளிக்கும் பெரியம்மா வீட்டில் பாய் விரிப்போம். தீக்குச்சியோடு மட்டும்.