பாரம் ஏறியதும் திணறும் பம்பு இஞ்சின்

வாய்க்காலிலிருந்தும் குட்டையிலிருந்தும் தண்ணீர் இறைக்கச் சிறு விவசாயிகள் பலர் 2 அல்லது 3 குதிரைச் சக்தியுள்ள சிறிய இஞ்சின் பம்புகளை வைத்திருக்கிறார்கள். சில பெட்ரோலில் மட்டும் ஓடும். சில பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். கயிற்றை இழுத்ததும் இஞ்சின் கிளம்பிவிடுகிறது. சும்மா ஓடும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் பம்பு தண்ணீர் பிடித்து, குழாயில் தண்ணீர் விழத் தொடங்கியதும் சத்தம் இறங்குகிறது. விக்குகிறது, சமாளித்து எழுகிறது, மறுபடி இறங்குகிறது. சில சமயம் நின்றே போகிறது. முறைத் தண்ணீர் வரும் சில மணி நேரத்தில் இப்படி ஆனால் அந்த முறை போயிற்று. கதிர் வாங்கும் நெல்லும் விழுது இறங்கும் நிலக்கடலையும் அடுத்த முறை வரை பொறுத்திருக்க மாட்டா.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். திருகாணிகளைக் கண்டபடி திருகுவார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் புதிய கார்புரேட்டர் வாங்குவார்கள். பல வேளைகளில் கோளாறு அங்கே இருப்பதே இல்லை. இஞ்சினைப் பிரிக்காமலே, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுது எந்தப் பக்கம் என்று ஏறக்குறையக் கண்டுகொள்ளலாம்.

பம்பை முதலில் பாருங்கள்

இஞ்சினைக் குறை சொல்லுமுன் அதன் தலையில் ஏற்றிய பாரம் சரிதானா என்று பார்க்க வேண்டும். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் இல்லாத பம்பை மெதுவாகக் கயிற்றால் சுற்றிப் பாருங்கள். உரசலோ இறுக்கமோ தெரிந்தால் பம்பின் உள்ளே மணல் சிக்கியிருக்கலாம், சுழலி உறையில் தட்டலாம். கிளாண்டு கயிறு வைத்த பம்பானால் அதை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதே நல்லது. அதை முற்றிலும் நிறுத்த முறுக்கினால் தண்டும் தேயும், இஞ்சினும் திணறும்.

இன்னொன்று, பலர் அறியாதது. இறைக்கும் உயரம் குறைந்தால் பாரமும் குறையும் என்று நாம் நினைக்கிறோம். நாம் பயன்படுத்தும் சுழல் பம்பில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. உயரம் குறையும்போது அது அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது. அதிகத் தண்ணீரைத் தள்ள அதிகச் சக்தி தேவைப்படுகிறது. எனவே 20 அடிக் கிணற்றில் நன்றாக ஓடிய இஞ்சினை 5 அடி வாய்க்காலுக்குக் கொண்டுவந்து வைத்ததும் அது திணறலாம். டெலிவரி குழாயில் கேட் வால்வு இருந்தால் அதைச் சிறிது மூடிப் பாருங்கள். ரப்பர் குழாயானால் அதன் முனையைச் சில அடி உயர்த்திப் பிடியுங்கள். உடனே இஞ்சின் தெம்பாக ஓடினால் பாரம் அதிகம் என்றோ, இஞ்சின் வலுக்குறைந்துள்ளது என்றோ பொருள். புதிதாக வேலை பார்த்த இஞ்சினானால் முதல் காரணமாகவே இருக்கும். வால்வைச் சற்று மூடியே வைத்து ஓட்டலாம். முழுவதும் மூடி வெகுநேரம் ஓட்டக்கூடாது. பம்பினுள் இருக்கும் தண்ணீர் சூடேறிவிடும்.

சோக் சொல்லும் சேதி

பம்பில் குறையில்லை என்றால் அடுத்தது சோக் லீவர். இஞ்சின் பாரத்தில் திணறிக்கொண்டிருக்கும்போதே சோக்கை மெதுவாகக் கால் பாகம் மூடிப் பாருங்கள். சோக்கை மூடினால் காற்று குறையும், எண்ணெய் கூடும். அப்போது இஞ்சின் தேறினால் அதற்கு எண்ணெய் போதவில்லை. மேலும் மோசமாகிக் கறுப்புப் புகை கக்கினால் ஏற்கெனவே எண்ணெய் கூடுதல், அல்லது காற்று குறைவு. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் எண்ணெயை விட்டுவிட்டுப் பிளக், காயில், வால்வு ஆகியவற்றின் பக்கம் போகலாம். கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

சும்மா ஓடும்போது தெரியாத குறை பாரத்தில் மட்டும் தெரிவது ஏன்? பாரம் இல்லாதபோது கவர்னர் காற்று வழியை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கும். இஞ்சின் சிறிய ஜெட்டின் எண்ணெயைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். பாரம் ஏறியதும் கவர்னர் வழியைத் திறக்கிறது. அப்போது பெரிய ஜெட் நிறைய எண்ணெய் கொடுத்தாக வேண்டும். அது அரைகுறையாக அடைத்திருந்தால் உடனே விக்கல்தான்.

எண்ணெய் போதாதபோது

எண்ணெய்க் குறைவு என்று தெரிந்தாலும் உடனே ஜெட்டைக் கழற்ற வேண்டாம். முதலில் டாங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியில் காற்று புகும் சிறு துளை உண்டு. தூசியும் எண்ணெயும் சேர்ந்து அது அடைபட்டால் டாங்கினுள் வெற்றிடம் ஏற்பட்டு எண்ணெய் இறங்காது. பத்து, இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திணறுவது இதன் அடையாளம். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு காற்று உள்ளே போகும்; இஞ்சின் தேறும்.

பிறகு இஞ்சின் ஆறியபின், குழாய்த் திருகைத் திறந்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி, வரும் எண்ணெயை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது; சைலன்ஸர் சூடாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. எண்ணெய் தடையின்றி ஒரே சீராக வர வேண்டும். முதலில் வேகமாக வந்து பிறகு நூலாக இளைத்தால் டாங்கின் அடியிலுள்ள வலையோ வடிகட்டியோ அடைத்திருக்கிறது. புட்டியைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியே தங்கும்.

பெட்ரோலைப் பற்றி இங்கே ஒரு சொல். 2025 வாக்கில் நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய இஞ்சின்களின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கக்கூடும். தவிர, அதே ஜெட்டில் கலவை முன்னைவிடச் சற்று மெலிகிறது. முன்பு பாதி அடைத்த ஜெட்டோடு சமாளித்த இஞ்சின் இப்போது சமாளிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது கம்பி, ஊசி விடுவது பெருந்தவறு. பித்தளைத் துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அளவு கெட்டது. பிறகு எண்ணெய்ச் செலவு ஏறும். பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் போதும். பிடிவாதமாக இருந்தால் ஒரு துடைப்பப் புல்லை விட்டுப் பார்க்கலாம். எண்ணெய்க் குறைவோடு பாரத்தில் தொடர்ந்து ஓட்டினால் இஞ்சின் அளவு மீறிச் சூடேறி, வெளியேற்று வால்வு கருகிவிடும். அந்தச் செலவு ஜெட் கழுவும் வேலையைப் போல் சுலபமாகத் தீராது.

கறுப்புப் புகை வந்தால் பெரும்பாலும் காற்று வடிகட்டிதான். களத்துமேட்டுத் தூசியில் ஓடிய இஞ்சினில் அது மண் கட்டியாக இருக்கும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சிலருக்கு வழக்கம். சோதனைக்கு ஒரு நிமிடம் தவிர அது கூடாது. சைலன்ஸர் வாயையும் பாருங்கள். சும்மா கிடந்த மாதங்களில் குளவி அதில் மண்கூடு கட்டியிருப்பது உண்டு.

மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் இஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் வெள்ளைப் புகையும் திணறலும் வரும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அளவுக் குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருந்து மண்ணெண்ணெய் வாசம் வந்தால் அந்த ஆயிலை அன்றே மாற்ற வேண்டும்.

பிளக்கும் காயிலும்

எண்ணெய்க் குறைவில் சத்தம் மெல்ல இறங்கும். பொறிக் குறைவில் ‘டப் டப்’ என்று வெட்டி வெட்டி விடும். பிளக்கை வெளியே எடுத்து வைத்துப் பொறி வருகிறதே என்று திருப்தியடைய வேண்டாம். பாரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அங்கே பொறி தாவ அதிக மின் அழுத்தம் வேண்டும். வெளியே பொறி தரும் பிளக் உள்ளே தராமல் போகலாம். பிளக் விலை குறைந்த பொருள். புதியதைப் போட்டுப் பார்ப்பதே சோதனை. பழைய பிளக்கின் நிறத்தையும் கவனியுங்கள். காபிப் பொடி நிறம் நல்லது. சுண்ணாம்பு வெளுப்பு எண்ணெய்க் குறைவு. உலர்ந்த கரி எண்ணெய் மிகுதி. பிசுபிசுப்பான கறுப்பு, ரிங் தேய்ந்து ஆயில் மேலேறுவதைக் காட்டும். நிறம் பார்க்க வேண்டுமானால் இஞ்சினைப் பாரத்தில் ஓடும்போதே நிறுத்திக் கழற்ற வேண்டும்.

சூடேறியதும் நின்று, அரை மணி ஆறியபின் கிளம்பினால் காயிலைச் சந்தேகிக்கலாம். டாங்க் மூடித் துளை அடைப்பிலும் இதே போல நடக்கும். ஆனால் அதில் மூடியைத் திறந்தவுடன் தேறிவிடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கயிறு இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் வால்வு அல்லது ரிங் வேலை. அதை மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் ஜீப், வேன் வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறையே பொருந்தும். அவற்றில் ஒன்று கூடுதல்: ஆக்ஸிலேட்டரை மிதித்த நொடியில் மட்டும் பள்ளத்தில் விழுந்தாற்போல் தயங்கினால், இஞ்சினை நிறுத்திக் காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, லீவரைக் கையால் இழுத்துப் பாருங்கள். கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் ஆக்ஸிலேட்டர் பம்பின் வாஷர் உலர்ந்துவிட்டது. ஏற்றத்தில் சிறிது தூரம் போனபின் தயங்கினால் பெட்ரோல் பம்பையும் வடிகட்டியையும் பாருங்கள்.

பருவம் முடிந்து இஞ்சினைக் கொட்டகையில் வைக்குமுன், மண்ணெண்ணெய் இஞ்சினைப் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி, எண்ணெய்த் திருகை மூடி, கிண்ணம் வறண்டு தானாக நிற்கும்வரை விடுங்கள். டாங்கையும் வடித்துவிடுங்கள். சைலன்ஸர் வாயில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். கிளப்புமுன் அதை அவிழ்க்க மறக்க வேண்டாம்.