கரையிலிருந்து வயலுக்கு: கிரவல் வீதியும் சைக்கிளும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக ஓடும் பிரதான வீதியில் இன்று சைக்கிள் ஓட்டுவது இலகுவான காரியமல்ல. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. பஸ், லொறி, முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வீதிதான். ஆனால் அதிலிருந்து மேற்கே ஏதாவதொரு வயல் பாதையில் திரும்பி ஒரு மைல் போய்ப் பாருங்கள். ஹோர்ன் சத்தம் அடங்கிவிடும். சில்லின் கீழ் கிரவல் நறநறக்கும். இரு பக்கமும் வட்டை, வாய்க்கால், மருதமர நிழல். தெற்கே திருக்கோவிலைத் தாண்டி உட்பக்கம் சென்றால் வயலும் முடிந்து பற்றைக்காடு, பாறைக்குன்று, சிறு குளம் என்று நிலம் மாறும். சாகாமம், கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம் ஆகிய பெயர்கள் எமது வாசகர்களில் பலருக்குப் புதியவை அல்ல. உங்களில் சிலர் அங்கிருந்துதான் வந்தீர்கள்.

இப்படியான வாகனமற்ற கிரவல் வீதிகளில் சைக்கிள் ஓட்டுவது மேல்நாடுகளில் இப்போது தனியொரு விளையாட்டாகிவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரக் கிரவல் போட்டி உலகப் பிரசித்தம் பெற்றது. 2022இல் இத்தாலியில் இதற்கென முதலாவது உலகச் சம்பியன் போட்டியே நடந்தது. அதற்காகச் செய்யப்படும் சைக்கிள்களுக்கு எமது பணத்தில் பல இலட்சம் ரூபா கொடுக்க வேண்டும். அவற்றின் சிறப்பு என்ன என்று பார்த்தால் முதலில் சொல்லப்படுவது ரயர்: அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். எமது கமக்காரர் நெல் மூடை ஏற்றும் பழைய 28 அங்குலச் சைக்கிளின் ரயர் ஒன்றரை அங்குலம். அளந்து பார்த்தால் அதுவும் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர்தான்! சில்லுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி, சாய்ந்த முன் கவை, ஆட்டத்தைத் தாங்கும் உருக்குச் சட்டம் ஆகியனவும் அந்தப் பழைய சைக்கிளில் உள்ளவையே. மட்டக்களப்புத் தமிழகத்தின் வயற்காரர் இந்த விளையாட்டை விளையாட்டென்று அறியாமலே தலைமுறை தலைமுறையாக ஆடி வந்திருக்கிறார்கள் என்று சொன்னால் பிழையில்லை.

இதற்குக் காரணம் இப்பிரதேசத்தின் அமைப்பு. மக்கள் கடலோர மணல் மேட்டில் நெருங்கி வாழ்கிறார்கள். வயலோ உள்நாட்டில், பல மைல் மேற்கே. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் முஸ்லிம் குடும்பங்களுக்கும் காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொதுவான நிலை. முன்னைய காலத்தில் விதைப்பு முதல் சூடு மிதிக்கும் வரை வயற்காரரும் முல்லைக்காரரும் வாடியிலேயே தங்கினார்கள். போடியார் கரத்தையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அதற்கும் முன்னர் பொதிமாடுகளின் தவளப் பாதைகள் இருந்தன. கரையிலிருந்து உப்பும் கருவாடும் கண்டி மலைநாட்டுக்குப் போயின, அங்கிருந்து பாக்கு வந்தது. அவ்வியாபாரத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது.

சைக்கிள் வந்தபோது வாடியில் மாதக்கணக்கில் தங்க வேண்டிய தேவை குறைந்தது. அதிகாலையில் புறப்பட்டு, தண்ணீர் கட்டி, வரம்பு செதுக்கி, பொழுதுபட முன் வீடு திரும்பலாம். பிள்ளைகள் கரையிலுள்ள பாடசாலைக்குப் போகலாம், தகப்பன் வயலுக்குப் போகலாம். ஒரு குடும்பம் இரண்டு இடத்தில் வாழாமல் ஒரே இடத்தில் வாழ வழி செய்தது இந்த இரண்டு சில்லுதான்.

போர்க்காலத்தில் இதன் பெறுமதி வேறு விதமாகத் தெரிந்தது. 1990 ஜூன் மாதத்துக்குப் பின்னர் இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஊரிழந்தார்கள், உறவிழந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையையும் இழந்தார்கள். உட்பகுதிக் கிராமங்கள் வெறிச்சோடின. நிலைமை சற்றுத் தணிந்த நாட்களில் பகலில் சைக்கிளில் போய் வயலைப் பார்த்து, இரவில் கரைக்கு வந்து படுத்தவர்கள் உண்டு. வடக்கில் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது பாய், பானை, பாட்டி, பிள்ளை எல்லாம் சைக்கிளில்தான் நகர்ந்தன. ஓடும்போது கடைசியாகக் கையில் இருந்ததும் திரும்பும்போது முதலில் தேவைப்பட்டதும் அதுவே.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கதை தலைகீழாயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று முதலில் அறிவிக்கப்பட்டது. கரையோரக் குடும்பங்களுக்கு உள்ளே தள்ளி வீடுகள் எழுந்தன. தொழிலோ கடலில். அதன் பின்னர் காலைச் சைக்கிள்கள் கிழக்கே திரும்பின. வீட்டையும் தொழிலையும் பிரித்து வைக்கும் திட்டங்கள் இடையிலுள்ள வீதியைப் பற்றி எவ்வளவு குறைவாக யோசிக்கின்றன என்பது எமக்கு இன்றும் வியப்புத்தான்.

இங்கே ஒரு விடயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். போய்வராத பாதை மூன்று மாரியில் மூடிப்போகும். பாதை மூடினால் வயல் பற்றையாகும். பற்றை உயர்ந்து மரமானால் அது காடு என்று கடதாசியில் ஏறும். போரினால் கைவிடப்பட்ட காணிகள் பல இவ்வாறு வனமாக வளர்ந்து, உரியவர்கள் திரும்பிய வேளையில் வன இலாகாவின் எல்லைக் கற்கள் அவற்றில் நிற்கக் கண்டோம். சைக்கிள் தடம் காணி உறுதி ஆகாது, அதை நாம் நன்கு அறிவோம். அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில் உள்ள பெயர், பழைய வரிப் பற்றுச்சீட்டு ஆகியவையே பேசும். ஆனால் கிழமையில் இரண்டு தடவையாவது போய்வருபவருக்குத்தான் புதிய கல் நட்டது, வேலி போட்டது, வாய்க்கால் மறித்தது எதுவும் உடனே தெரியவரும். ஆண் துணையற்ற குடும்பங்களில் இது இன்னும் உண்மை: தாய்க்கோ மூத்த மகளுக்கோ ஒரு சைக்கிள் இருப்பதும் இல்லாததும் காணியின் தலைவிதியைத் தீர்த்துவிடுகிறது.

பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள பாணமையைப் பாருங்கள். சிங்களமும் தமிழும் கலந்து வாழும் பழைய ஊர் அது, பத்தினி வழிபாட்டின் கொம்பு விளையாட்டு இன்றும் நடக்கும் ஊர். அதற்கு அப்பால் கடலும் காடும் களப்பும் ஒட்டிச் செல்லும் கிரவல் வழி உகந்தை முருகன் கோவில் வரை போகிறது. கதிர்காமப் பாதயாத்திரிகர் நடக்கும் வழியும் இதுவே. உகந்தையோடு சைக்கிளுக்கு வழி முடிகிறது, பின்னர் குமண தேசியப் பூங்கா. இந்த ஊரவரின் ராகம்வெல போன்ற காணிகளிலிருந்து 2010 ஜூலையில் மக்கள் விரட்டப்பட்டார்கள். படையினர் அங்கு நிலைகொண்டனர். 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தும் காரியம் நகரவில்லை. 2016 மார்ச்சில் மக்கள் தாங்களாகவே ராகம்வெலவுக்குள் திரும்பிப் பற்றை வெட்டினார்கள். பக்கத்து அறுகம்பேயில் வாடகைச் சைக்கிள் எடுக்கும் வெளிநாட்டவருக்கு இது ஓர் அழகான வழி. பாணமையாருக்கு அது வழக்கு நடந்த வழி.

வெளியார் இவ்வீதிகளை விரும்பி வருவது கெட்டதல்ல. வழியில் தயிர், இளநீர், சோளம், ஒரு கோப்பை தேநீர் விற்பனையாகலாம். ஆனால் அந்தப் பணம் பொத்துவில் விடுதியோடு நின்றுவிடாமல் உள்ளூர்க் கிராமத்துக்கு வர, ஊரவர் கூடித் தாங்களே ஒழுங்கு செய்ய வேண்டும். இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில் வயல்களுக்கிடையே ஓடிய வெண்கிரவல் வீதிகள் ஒவ்வொன்றாகத் தாரிடப்பட்டு மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற 1997இல் காயோலே என்ற சிற்றூரிலிருந்து 92 பேர் பழைய சைக்கிள்களில் புறப்பட்டார்கள். ‘லெரோய்கா’ என்ற அந்த ஓட்டத்துக்கு இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். வீதிகளும் கிரவலாகவே பேணப்படுகின்றன.

எல்லா வீதியையும் கிரவலாகவே விடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பிரசவத்துக்குப் போகும் தாய்க்குக் குழி விழுந்த வீதி அழகல்ல. நெல் ஏற்றும் லொறிக்கு நல்ல வீதி வேண்டும். ஊருக்குள் வரும் வீதி தாரிடப்படட்டும். வயலுக்கும் குளத்துக்கும் போகும் வழிகளில் கிரவல் போதும், ஆனால் அதைப் பராமரிக்க வேண்டும். கிரவல் என்பது சிறு கல்லும் செங்களியும் கலந்த மண். கல் பாரம் தாங்கும், களி கல்லைப் பிடித்து வைக்கும். நடு உயர்ந்து இரு பக்கமும் சாய்வாகவும், ஓரத்தில் கான் திறந்தும் இருந்தால் மாரி மழை ஓடிப்போகும். கான் அடைபட்டால் தண்ணீர் வீதியிலேயே நின்று களியைக் கழுவும், மிஞ்சுவது உருளும் கல்.

அடுத்த எதிரி மண் ஏற்றும் லொறி. ஓர் அச்சின் சுமை இரட்டித்தால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய வீதிப் பரிசோதனையிலிருந்து வந்த கணக்கு. தகரக் கூரை போல் வீதி வரி வரியாக எழுவதும் வேகமான வாகனங்களாலேயே. ஆயிரம் சைக்கிள் போனாலும் அந்த வரி விழாது. ஆகவே ஆற்று மணலும் கிரவலும் அள்ளும் லொறிகள் எந்த வழியால் போகின்றன என்பதைக் கமக்காரர் அமைப்பு பிரதேச சபையிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பழைய சைக்கிளைத் துடைத்தெடுத்தவர்கள் இங்கு பலர். அந்த வருடம் புதிய சைக்கிளின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியது. இருப்பதைப் பேணுவதே மலிவு. கிரவலில் ரயரைக் கல்லுப் போல இறுக்கக் காற்றடிக்க வேண்டாம். சற்றுத் தளர்ந்திருந்தால் கல்லை விழுங்கிப் போகும், மூடை ஏற்றும் நாளில் மட்டும் பின் ரயருக்குக் கூட்டினால் போதும். சங்கிலியில் செம்புழுதி ஒட்டினால் முதலில் துடைத்துவிட்டு எண்ணெய் இடுங்கள். புழுதிமேல் எண்ணெய் இட்டால் அது அரத்தூள் போலப் பல்லைத் தின்னும்.

அறுவடை முடிந்த காலத்தில் யானைகள் வட்டைக்குள் இறங்கும். நிந்தவூர், காரைதீவு வயல்கள் வரைகூட வந்திருக்கின்றன. விடிந்து வெளிச்சம் நன்கு பரவிய பின்னரே புறப்படுங்கள், பொழுது சாய முன் திரும்புங்கள், பற்றை ஓரங்களில் தனியே போகாதீர்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதி போன்ற இடங்களில் தண்ணீர் குறுக்கே ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் ஓர் உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்று, அதில் வந்த மத்ரஸா மாணவர்களின் உயிரைப் பறித்தது. காத்திருங்கள், அல்லது திரும்பி வாருங்கள்.

மகாபோக மழை பிடிக்க முன்னர் கான் திறக்கும் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு ஒரு காலைப் பொழுது போதும். வீதி ஒன்று, அதைப் பாவிக்கும் ஊர்கள் தமிழும் முஸ்லிமுமாக இரண்டு மூன்று என்றால் அழைப்பு எல்லா ஊருக்கும் போகட்டும். பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் முதல் வெள்ளி, ஞாயிறுகளில் அறிவித்தால் ஆட்கள் சேர்வார்கள்.