ஹஸ்கியா, லாப்ரடாரா, நம்ம ஊர் குட்டியா? நாய் வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ். நீலக் கண்ணோடு ஒரு ஹஸ்கி குட்டியின் போட்டோ. கீழே, ‘டேய், எப்படி இருக்கு? இன்னிக்கே அட்வான்ஸ் குடுக்கச் சொல்றாங்க!’

அக்கா வீடு வேளச்சேரியில். மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். அக்காவும் மாமாவும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் இருப்பது மூட்டு வலியோடு மாமாவின் அம்மா மட்டும்தான். அப்புறம், ரீல்ஸில் ஹஸ்கி ‘பேசுவதை’ப் பார்த்து மயங்கிப்போன பத்து வயசுப் பையன். ‘அட்வான்ஸ் குடுத்துடாதக்கா, சாயந்தரம் வர்றேன்’னு பதில் போட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம்னா, இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். ஒன்பதாவது படிக்கும்போது அடம்பிடித்து ஒரு லாப்ரடார் வாங்க வைத்தேன். பேர் ப்ரூனோ. ஒரே வருஷத்தில் முப்பது கிலோ. எனக்கு டியூஷன், அப்பாவுக்கு ஷிஃப்ட். வாக்கிங் அம்மா தலையில் விழுந்தது. ஒருநாள் தெருவில் பூனையைப் பார்த்து அவன் இழுத்த இழுப்பில் அம்மா விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மறுவாரமே, தெரிந்தவர் ஒருவரின் தோப்புக்கு அவனை அனுப்பிவிட்டோம். ஆட்டோவில் வாலை ஆட்டிக்கொண்டே ஏறினான். ப்ரூனோ மேல் எந்தத் தப்பும் இல்லை. நாங்கள் யோசிக்காமல் வாங்கினோம், அவ்வளவுதான்.

சென்னையில் ஹஸ்கி?

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் அதன் ஏசி. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூடு குறையும். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. வெயில் குறைந்த நாளில்கூட புழுக்கம் நாயைப் படுத்தி எடுப்பது இதனால்தான்.

இதில் ஹஸ்கிக்கு ரெண்டு அடுக்கு முடி வேறு. சைபீரியப் பனியில் ஸ்லெட்ஜ் வண்டி இழுத்துக்கொண்டு பல மைல் ஓடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம் அது. ‘ஏசி ரூம்லயே வெச்சுக்கலாமே?’ என்றார் மாமா. வைக்கலாம். ஆனால், ஓடுவதற்கென்றே பிறந்ததை ஒரு பெட்ரூமில் பூட்டினால் அதன் சக்தி எங்கே போகும்? சோபா மேலயும் கதவு மேலயும்தான். முடியை மொத்தமாக மழிப்பதும் தீர்வில்லை. வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பதும் அந்த முடிதான். செயின்ட் பெர்னார்டுக்கும் இதே கதை.

பக் வேறு மாதிரிப் பிரச்னை. 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பக் மேல் ஆசை வந்தது. மூக்கும் முகமும் அமுங்கி இருப்பதால் அதற்கு மூச்சுவிடுவதே வேலை. நாம் க்யூட் என்று ரசிக்கும் அந்தக் குறட்டைச் சத்தம், பல நேரம் காற்று போக வழி இல்லாத சத்தம். மே மாத மதியத்தில் வெளியே கூட்டிப்போனால் ஹீட் ஸ்ட்ரோக் வர அதிக நேரம் ஆகாது.

அப்போ எதைத்தான் வளர்க்கிறது?

இனத்தைத் தேடும் முன்னாடி அக்கா வீட்டில் ஒரு பேப்பரை எடுத்து எழுதச் சொன்னேன். காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் யார் கீழே கூட்டிப்போவது? பகலில் அத்தையால் நாயைக் கையில் பிடிக்க முடியுமா? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும்? சாப்பாடு, தடுப்பூசி, டாக்டர் செலவு எல்லாம் சேர்த்து மாசம் எவ்வளவு ஒதுக்க முடியும்? இது ஒரு வருஷக் கதை இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம். முதல் கேள்விக்கே வீடு அமைதியாகிவிட்டது.

லாப்ரடார் குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்பது உண்மைதான். ஆனால், முதல் ரெண்டு வருஷம் அது ஒரு புயல். அதோடு, பசி அடங்காது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வுப்படி, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவிலேயே ஒரு குறை இருக்கிறது. பாவமாகப் பார்க்குதேன்னு பிஸ்கட் போட்டுக்கொண்டே இருந்தால் எடை கூடி, இடுப்பு மூட்டு போய்விடும். பீகிள் அளவில் சின்னது. ஆனால், வேட்டையில் மோப்பம் பிடித்துக் குரல் கொடுப்பதற்காக உருவான நாய். பகலெல்லாம் தனியாக விட்டால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் பேர்தான் ஓடும்.

நம்ம ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்ப்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். நம்ம சூட்டுக்குப் பழகியவை, சாப்பாட்டுச் செலவும் குறைவு. குரைக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளணும். சின்ன ஃப்ளாட்டுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

‘தமிழன்னா ராஜபாளையம்தான் வளர்க்கணும்’ என்று மாமாவின் நண்பர் ஒருவர் போனில் சொன்னாராம். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள், பெருமைதான். ஆனால், அது காவலுக்கும் வேட்டைக்கும் ஆன நாய். வீட்டு ஆளிடம் உயிரையே வைக்கும். புது ஆளை எளிதில் நம்பாது. தினமும் டெலிவரி ஆட்கள் வந்துபோகும் லிஃப்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முழு வெள்ளைக் குட்டிகள் சிலதுக்குக் காது கேட்காது என்பதையும் பார்த்து வாங்கணும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தி ஓடும் நாய்கள். தோட்டம் துரவு இருந்தால் இவற்றைவிட நல்ல துணை கிடையாது. பால்கனியில் கட்டிப்போடத்தான் என்றால் பெருமையைத் தள்ளிவைத்துவிடலாம்.

அதே பேச்சில் ராட்வைலரும் வந்தது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ரெண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியது ஞாபகம் இருக்கும். பயிற்சி கொடுத்துக் கட்டுக்குள் வைக்கத் தெரியாத வீட்டுக்கு அந்த மாதிரி பலம் வேண்டவே வேண்டாம். அதற்காக லாப்ரடார் என்றால் கடிக்காது என்றும் இல்லை. எந்த இனமானாலும் சின்னக் குழந்தையை நாயோடு தனியாக விடக்கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது. கடித்துவிட்டால், நம்ம வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இன்னொன்று, அந்த ‘இன்னிக்கே அட்வான்ஸ்’ விஷயம். போட்டோவில் இருந்த குட்டிக்கு முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கும் அந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையே குட்டி கற்றுக்கொள்ளும். ‘தாயைப் பார்க்கணும்’னு கேளுங்கள் என்றேன். அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு விற்பவரிடமிருந்து பதிலே இல்லை. கேசிஐ பேப்பர் இருக்கு என்றாலும், அது வம்சாவளிக்கான சான்றுதான், ஆரோக்கியத்துக்கு இல்லை.

கடைசியில் தத்துக் கொடுக்கும் ஒருவரிடமிருந்து, எட்டு மாதமான நாட்டு நாய் ஒன்றை மூணு வாரத்துக்கு வளர்த்துப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். பெட்டை, பிரவுன் கலர், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தது. குட்டியை விட வளர்ந்த நாயில் ஒரு வசதி, குணம் ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும். இது அத்தையின் காலடியில் படுத்துக்கொள்கிறது, குக்கர் விசிலுக்குப் பயப்படுகிறது. வைத்துக்கொள்வதாக முடிவானால் மாநகராட்சி உரிமம் எடுக்கணும், அது கட்டாயம்.

இந்த ஞாயிறோடு மூணு வாரம் முடிகிறது. காலை ஆறு மணி வாக்கிங்கைப் பையன் இதுவரை நாலு நாள் தவறவிட்டிருக்கிறான். அந்த நாலு நாளும் மாமா போயிருக்கிறார். பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள். அக்கா போன் வால்பேப்பரில் மட்டும் இன்னும் அந்த ஹஸ்கிதான்.