ஸ்டாண்டு இல்லாத டிவி: எடை, சுவர், கண் மட்டம்

தொலைக்காட்சி ஸ்டாண்டுக்கு இரண்டு வேலைகள். பெட்டியின் எடையைத் தாங்குவது ஒன்று. திரையைப் பார்ப்பவரின் கண் மட்டத்தில் நிறுத்துவது இன்னொன்று. படக்குழாய் டிவிகளின் காலத்தில் முதல் வேலையே பெரும்பாடாக இருந்தது. 21 அங்குல டிவி 20 கிலோவைத் தாண்டும். 29 அங்குலம் என்றால் 40 கிலோவை நெருங்கும். இந்தக் கனத்துக்குக் காரணம் கண்ணாடி. குழாயின் உள்ளே வெற்றிடம். வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமாகக் காற்று அழுத்துகிறது. 29 அங்குலத் திரையின் முகப்பில் மட்டும் இது 2 டன்னுக்கு மேல். அதைத் தாங்கத் தடிமனான கண்ணாடி தேவைப்பட்டது. உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே கசியாதிருக்க, ஈயம் போன்ற கன உலோகங்களும் அந்தக் கண்ணாடியில் கலந்திருந்தன. கனமெல்லாம் திரைப் பக்கம் குவிந்ததால் பெட்டி முன்னால் சாயவே பார்க்கும். ஆகவே ஸ்டாண்டு ஆழமாகவும் தாழ்வாகவும் இருந்தது.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975இல். சாலிடேர், டயனோரா போன்ற அந்தக் காலச் சென்னைத் தயாரிப்புகள் பல, இழுத்து மூடும் கதவோடு மரப்பெட்டிக்குள் வந்தன. டிவியே ஒரு மரச்சாமானாக இருந்தது. பிறகு வந்தது ஷோகேஸ். நடுவில் டிவிக்கு ஒரு பெரிய அறை, சுற்றிலும் பொம்மைகளும் கோப்பைகளும். அந்த நடு அறை 21 அங்குலப் பெட்டியை மனத்தில் வைத்துத் தச்சர் அளந்து செய்தது: அகலம் இரண்டடி சொச்சம், ஆழம் ஒன்றரை அடிக்கு மேல். இன்றைய 43 அங்குலத் தட்டைத் திரையின் அகலமோ மூன்றடிக்கு மேல். தடிமன் ஒரு சாண் கூட இல்லை. பழைய ஷோகேஸில் புது டிவி நுழையாததற்கு இதுதான் காரணம். எடை 7 முதல் 10 கிலோவாக இறங்கிவிட்டது. தாங்குவது இப்போது எளிது. சாயாமல் வைப்பதும், சரியான உயரத்தில் வைப்பதும்தான் மீதமுள்ள வேலை. ஸ்டாண்டுக்கு மாற்றாக வரும் எதையும் இந்த இரண்டையும் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மாற்றுகளில் முதலிடம் சுவரில் மாட்டுவதற்கு. எல்லா நிறுவனங்களின் டிவிகளுக்கும் ஒரே மாதிரி மாட்டிகள் பொருந்துவதற்கு வெசா என்ற அமைப்பு வகுத்த தரமே காரணம். டிவியின் பின்புறத்தில் உள்ள நான்கு துளைகளுக்கு இடையிலான தூரத்தை அது வரையறுக்கிறது: சிறிய திரைகளுக்கு 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரம், பெரியவற்றுக்கு 200, 400 என்று கூடிக்கொண்டே போகும். மாட்டி வாங்கும் முன் இந்த அளவையும் டிவியின் எடையையும் பார்த்துக்கொண்டால் போதும்.

மாட்டிகளில் மூன்று வகை உண்டு. அசையாமல் சுவரோடு ஒட்டி நிற்பது, மேலும் கீழும் சற்றுச் சாய்வது, கைபோல நீண்டு எந்தப் பக்கமும் திரும்புவது. மூன்றாவது வகைதான் கடையில் பலரையும் கவர்கிறது. சுவரை அதிகம் வருத்துவதும் அதுவே. 15 கிலோ எடையுள்ள 55 அங்குல டிவியை எடுத்துக்கொள்ளலாம். மாட்டியின் தகட்டில் மேல் திருகுக்கும் கீழ் திருகுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிவி சுவரை ஒட்டி, அதன் எடைமையம் 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், மேல் திருகுகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 15ஐ 5ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் கிடைக்கும்: நாலு கிலோ எடைக்கும் குறைவு. அதே டிவியைக் கையை நீட்டி 50 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால் அந்த விசை பத்து மடங்காகி 37 கிலோவைத் தாண்டுகிறது. இதில் கையின் சொந்த எடை சேரவில்லை. இழுத்துத் திருப்பும்போது வரும் குலுக்கலும் சேரவில்லை. டிவியின் எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. கனமான கதவுகளில் மேல் கீல் முதலில் பெயர்ந்து வருவதும் இதே நெம்புகோல் கணக்கால்தான். அறையின் இரண்டு மூலைகளிலிருந்தும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத வீட்டுக்கு நீளும் கை தேவையில்லை.

திருகு சுவரில் நிற்பது உராய்வால். முன்பெல்லாம் சுவரைச் செதுக்கி மரக்கட்டையை அடித்து இறக்கி, அதில் திருகுவார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் கட்டை ஆட்டம் கண்டுவிடும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைப் பாழாக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தும் பணிக்காக, 1910களின் தொடக்கத்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டுமான ஒப்பந்தக்காரர் நாரால் ஆன சிறு குழலை உருவாக்கினார். துளைக்குள் அந்தக் குழலைச் செருகித் திருகினால், அது விரிந்து துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். இன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பிளக்குகள் அதன் வாரிசுகள்.

நெருக்கிப் பிடிக்க எதிர்ப்பக்கம் உறுதியாக இருக்க வேண்டும். சிமென்ட் பூச்சு அரை அங்குலத் தடிமன்தான். அதற்குள் இருக்கும் பிளக்கின் பகுதிக்குப் பிடிமானம் இல்லை. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருக்க வேண்டும். செங்கற்களுக்கு இடையிலுள்ள கலவைப் பட்டையில் துளை விழுந்தால் இடத்தை மாற்றுவதே நல்லது. சுட்ட செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் தட்டைத் திரையை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரில் துளை வெற்றிடத்துக்குள் போய்விடும்; அங்கே சாதாரண பிளக் சுழலுமே தவிர இறுகாது. உள்ளே போய் விரியும் சிறகுள்ள ஆங்கர் தேவை. அடுக்குமாடிகளில் இப்போது பரவலாகிவிட்ட ஏஏசி பிளாக், 1920களில் ஸ்வீடன் கட்டடக்கலைஞர் ஆக்செல் எரிக்சன் உருவாக்கியது. நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிரம்பிய அதன் அடர்த்தி செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். சுத்தியல் அதிர்வோடு துளையிட்டால் துளை உதிர்ந்து அகன்றுவிடும்; அதிர்வு இல்லாமல் துளைத்து, இதற்கென்றே வரும் நீண்ட, மறை போட்ட பிளக்கைப் பயன்படுத்த வேண்டும். ஜிப்சம் போர்டு தடுப்பில் பலகை டிவியைத் தாங்காது; பின்னால் உள்ள இரும்புச் சட்டத்தில்தான் திருகு இறங்க வேண்டும்.

துளைக்கும் முன் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. சுவருக்குள் புதைத்த மின்குழாய்கள் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலாகவே பெரும்பாலும் செல்கின்றன. அந்தக் கோட்டில் ட்ரில்லிங் மெஷின் படக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் டிவிக்கு ஏற்றதல்ல. ஈரத்தில் திருகு துருப்பிடிக்கும், சர்க்யூட் போர்டும் கெடும். உட்சுவரே உசிதம். ரசமட்டம் வைத்துக் குறி போட்டால் இரண்டாம் முறை துளைக்க நேராது.

உயரத்தில்தான் தமிழ்நாட்டு வீடுகள் அதிகம் தவறுகின்றன. டீக்கடையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் டிவி லிண்டல் மட்டத்தில் தொங்குகிறது; அங்கே நிற்பவர்கள் தலைக்கு மேல் தெரிய வேண்டும் என்பது நியாயம். அதே உயரத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவது தவறு. சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 105 முதல் 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் 70 முதல் 75. வெளிநாட்டுக் கையேடுகள் சோபாவை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன; தரையில் உட்காரும் பழக்கம் உள்ள வீட்டுக்கு அந்த அளவு பொருந்தாது. பெரியவர்கள் நாற்காலியிலும் பிள்ளைகள் தரையிலும் உட்காரும் வீட்டில் திரையின் நடு 90 சென்டிமீட்டரில் இருக்கலாம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரு தரப்புக்கும் பார்வை ஆறு டிகிரிக்குள்தான் ஏறி இறங்கும்; கழுத்துக்கு அது ஒன்றுமில்லை. திரையின் நடு 170 சென்டிமீட்டரில் தொங்கினால், தரையில் இருப்பவர் 25 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னால் சாய்த்து ஒரு முழுப் படம் பார்ப்பது கழுத்துத் தசைகளுக்குத் தண்டனை. அண்ணாந்து பார்க்கையில் இமையும் அகல விரிகிறது; கண்ணீர்ப் படலம் சீக்கிரம் ஆவியாகிக் கண் உலர்கிறது. உயரத்தில்தான் மாட்டியாக வேண்டுமென்றால் கீழ்நோக்கிச் சாயும் மாட்டி ஓரளவு கைகொடுக்கும்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திரையின் அகலம் பார்வையில் ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தை நிரப்ப வேண்டும் என்பது அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் பழைய பரிந்துரை. 43 அங்குலத்துக்கு இது ஆறடிக்குச் சற்றுக் குறைவு. 55 அங்குலத்துக்கு ஏழரை அடி.

சுவரோடு சேர்த்துக் கட்டும் கடப்பா கல் தட்டு இன்னொரு நல்ல மாற்று. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள கல்லே 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதன் மேல் பத்து கிலோ டிவி பெரிய சுமையல்ல. ஆனால் கல் அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. ஒரு பக்கம் மட்டும் சுவரில் செருகிய கல்லில், சுவரை ஒட்டிய மேற்பரப்பு இழுபடுகிறது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். இரு முனையும் சுவரிலோ செங்கல் காலிலோ ஏறியிருக்கும்படி கொத்தனாரிடம் சொல்லிக் கட்டுவது பாதுகாப்பு. பழைய வீடுகளின் சுவர் மாடங்களிலும் அலமாரிக் குழிகளிலும் டிவியைப் பதிக்கலாம். அங்கே எதிரி வெப்பம். 43 அங்குல டிவி எடுக்கும் 60 முதல் 100 வாட் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. சூடான காற்று மேலே போகவும் குளிர்ந்த காற்று கீழே நுழையவும் நாற்புறமும் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டில், இருக்கும் சாமான்களே வழி. பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்கள் மேல் ஒரு பலகை போட்டால் அருமையான டிவி மேசை கிடைக்கும். கனம் முழுவதும் கீழே இருப்பதால் அது எளிதில் சாயாது. இழுப்பறைகள் உள்ள பீரோ இதற்கு நேர் எதிர். குழந்தை கீழ் இழுப்பறையைத் திறந்து அதில் கால் வைத்து ஏறினால், மொத்த எடைமையமும் முன் கால்களைத் தாண்டி வெளியே வந்துவிடும். பீரோவும் டிவியும் சேர்ந்து குழந்தையின் மேல் விழும். சக்கரம் வைத்த உயரமான தரை ஸ்டாண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். டிவியும் ஸ்டாண்டும் சேர்ந்து 25 கிலோ, அடிப்பாகம் நடுவிலிருந்து முன்னால் 30 சென்டிமீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் என்றால், உச்சியில் ஐந்து கிலோ விசையே அதைக் கவிழ்க்கப் போதும். அடித்தட்டில் 15 கிலோ மணல்மூட்டை வைத்தால் எட்டு கிலோ வேண்டியிருக்கும். எந்தச் சாமான்மேல் வைத்தாலும், டிவியின் பின்துளையிலிருந்து சாமானின் முதுகுக்கு ஒரு நைலான் நாடாவை இழுத்துக் கட்டுங்கள். சில நூறு ரூபாய் வேலை. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இது கட்டாயம்.

கூரையிலிருந்து குழாய் இறக்கித் தொங்கவிடுவது பெரும்பாலும் கான்கிரீட் தளம் உள்ள வீட்டில்தான் நடக்கும். மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில், உத்திரத்தைத் தவிர வேறெங்கும் திருகு நிற்காது.

கடைசி மாற்று, திரையையே தூக்கி எறிவது. புரொஜக்டருக்குச் சுவர் போதும், எடைப் பிரச்சினையே கிடையாது. ஆனால் ஒளியின் கணக்கு கடுமையானது. 1000 லூமென் ஒளியை 100 அங்குலப் படமாக விரித்தால், இரண்டே முக்கால் சதுர மீட்டரில் பரவி 360 லக்ஸ் அளவுக்கு வருகிறது. சன்னல் திறந்த பகல்நேரக் கூடத்தின் வெளிச்சமே பல சமயம் அந்த அளவு இருக்கும். புரொஜக்டரால் கறுப்பை உமிழ முடியாது. படத்தின் கறுப்பு என்பது சுவரில் ஏற்கெனவே உள்ள வெளிச்சம்தான். அறை வெளிச்சமாக இருந்தால் கறுப்பு சாம்பலாகி, படம் வெளிறிவிடும். மிகக் கிட்டத்திலிருந்து படம் வீசும் புரொஜக்டர்களும் உண்டு. சுவரிலிருந்து இரண்டடிக்குள் வைக்கலாம். அவற்றை வைக்கத் தாழ்வான மேசை ஒன்று வேண்டும். ஸ்டாண்டு வேறு உருவில் திரும்பி வந்துவிடுகிறது. காலையில் செய்தி, பகல் முழுவதும் தொடர் என்று டிவி ஓடும் வீட்டுக்குப் புரொஜக்டர் ஈடாகாது. இரவில் விளக்கை அணைத்துப் படம் மட்டும் பார்க்கும் வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.